விரல் கணுவில் எண்ணிய செபம்

எங்கள் காலனியிலிருந்து அம்மா கூலிக்குப் போன மரவள்ளிக் காடு ஒரு செபமாலை தூரம். தெருமுனையில் சிலுவை அடையாளம் போட்டு ஆரம்பித்தால், ஐந்தாவது பத்து முடியும்போது காடு வந்துவிடும். சாயங்காலம் திரும்பும்போது தலையில் புல்லுக்கட்டு இருக்கும். வலது கை கட்டைப் பிடித்திருக்கும். இடது கையின் கட்டைவிரல் மற்ற நான்கு விரல்களின் கணுக்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வரும். மணிமாலை வீட்டில் மாதா படத்தின் மேல் தொங்கும். காட்டுக்குக் கொண்டுபோனால் அறுந்துவிடும் என்று பயம்.

நான்கு விரலுக்கும் சேர்த்துப் பன்னிரண்டு கணு. அருள்நிறை மந்திரம் பத்துக்கும் பத்து கணு போனால் இரண்டு மிஞ்சும். பரலோக மந்திரமும் திரித்துவப் புகழும் கணக்கில்லாமலே தானாக வந்துவிடும் என்பாள். "அப்ப அந்த ரெண்டுல என்னம்மா சொல்லுவ?" என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "அது என் கணக்கு, உனக்கெதுக்கு" என்று சொல்லிவிட்டு நடப்பாள்.

இந்தக் கட்டுரை அந்த இரண்டு கணுவைப் பற்றியது. கத்தோலிக்க ஆன்மிக நூல்கள் தனிச் செபத்தைப் பல வகைகளாகப் பிரித்து வைத்திருக்கின்றன. அந்த வகைப்பாட்டில் என் அம்மாவைப் போன்ற பெண்களுக்கு எந்த இடம் கொடுக்கப்பட்டது, அவர்கள் தாங்களாக எந்த இடத்தை எடுத்துக்கொண்டார்கள் என்பதே என் கேள்வி.

1

பதினான்கு வயதில் கன்னியர் நடத்திய விடுதி ஒன்றில் சேர்ந்தேன். அங்கே ஆண்டுக்கு ஒருமுறை மூன்று நாள் தியானம் நடக்கும். தியானம் கொடுக்க வந்த சாமியார் கரும்பலகையில் மூன்று படிகள் வரைந்தார். கீழ்ப்படியில் வாய்ச் செபம்: மனப்பாடமாகத் தெரிந்த மந்திரங்களைச் சொல்வது. நடுப்படியில் தியானம்: மறைநூல் பகுதியையோ ஒரு காட்சியையோ எடுத்துக்கொண்டு மனத்தால் அசைபோடுவது. மேற்படியில் ஆழ்நிலைச் செபம்: சொல்லும் சிந்தனையும் அடங்கி, கடவுளுக்கு முன்னால் சும்மா இருப்பது. "செபமாலையை முணுமுணுத்துக்கொண்டே இருப்பது குழந்தைப் பருவம், நீங்கள் வளர வேண்டும்" என்றார். எனக்கு அம்மாவின் உதடுகள் நினைவுக்கு வந்தன. வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் போகப் பல ஆண்டுகள் ஆயின.

பின்னாளில் நூல்களைத் தேடிப் படித்தபோது, இந்த மூன்றையும் படிகளாகச் சொல்லியே ஆக வேண்டும் என்பதில்லை என்று தெரிந்தது. 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் இவற்றைச் செபத்தின் மூன்று வெளிப்பாடுகள் என்றுதான் சொல்கிறது. வாய்ச் செபம் இல்லாமல் முடியாது என்றும் சொல்கிறது. ஏணி அதைவிடப் பழையது. 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் கீகோ என்ற கார்த்தூசியத் துறவி, துறவிகளுக்கென்று ஓர் ஏணியை எழுதி வைத்தார். படித்தல், தியானித்தல், மன்றாடுதல், ஆழ்ந்திருத்தல் என நான்கு படிகள். அழகான ஏணிதான். ஆனால் அதன் முதல் படியே படித்தல். எழுதப் படிக்கத் தெரியாத பெண் முதல் படியிலேயே கால் வைக்க முடியாது. படிக்கத் தெரிந்தாலும் அவளுக்குத் தனி அறை வேண்டும், யாரும் கூப்பிடாத ஒரு மணி நேரம் வேண்டும். மணியடித்தால் சாப்பாடு வரும் மடத்தில் இருப்பவரின் நாளை வைத்து அளந்த ஏணி அது. அதை எல்லாருக்கும் பொதுவான அளவுகோலாக்கும்போதுதான் அநீதி நடக்கிறது.

அதே தியானத்தில் இஞ்ஞாசியாரின் முறையையும் கற்றுக்கொடுத்தார்கள். நற்செய்திக் காட்சி ஒன்றுக்குள் நம்மை வைத்துக்கொண்டு, ஐம்புலன்களாலும் அதை உணர வேண்டும். பெத்லகேம் தொழுவத்தைக் கண்ணை மூடிக் கற்பனை செய்யச் சொன்னார்கள். என்ன உணர்ந்தீர்கள் என்று கேட்டபோது, நான் "சாணி நாத்தம்" என்றேன். அம்மா சாணி அள்ளிய பண்ணைக்காரர் மாட்டுக்கொட்டகைதான் என் மனதில் வந்திருந்தது. மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். புனிதமானவற்றை நினைக்கும்படி எனக்குச் சொல்லப்பட்டது. இஞ்ஞாசியாரின் பயிற்சிகளை முழுதாக வாசித்த இன்று சொல்கிறேன்: அந்த அறையில் பயிற்சியைச் சரியாகச் செய்தவள் நான்தான்.

2

ஏணியை மறுப்பதற்குத் திருச்சபைக்கு வெளியே போக வேண்டியதில்லை. அவிலா தெரேசாவிடம் போனால் போதும். ஆழ்நிலைச் செபத்தைப் பற்றி அவரைவிட நுணுக்கமாக எழுதியவர்கள் மிகக் குறைவு. அவர் எழுதிய காலத்தைக் கவனிக்க வேண்டும். 1559இல் ஸ்பெயினின் விசாரணை மன்றத் தலைவர் வால்தேஸ் ஒரு தடைப் பட்டியல் வெளியிட்டார். லத்தீன் தெரியாதவர்கள், அதாவது ஏறக்குறைய எல்லாப் பெண்களும், தாய்மொழியில் படித்துவந்த ஆன்மிக நூல்கள் பல அதில் தடைசெய்யப்பட்டன. பெண்களுக்கு மனச் செபம் ஆபத்து. அவர்கள் மந்திரங்களைச் சொன்னால் போதும், உள்ளே போக வேண்டாம் என்பது அன்றைய இறையியலாளர் பலரின் கருத்து.

எனக்குச் சொல்லப்பட்டதற்கு இது நேர் எதிர். அன்று, பெண்ணே, வாய்ச் செபத்தோடு நிறுத்திக்கொள் என்றார்கள். என் காலத்தில், வாய்ச் செபத்தோடு நின்றுவிட்டாயே என்றார்கள். எது மேல், எது கீழ் என்பது மாறியிருக்கிறது. தீர்ப்புச் சொல்லும் இடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது மட்டும் மாறவில்லை. தெரேசாவே இதைக் கண்டுகொண்டிருந்தார். தம் சகோதரிகளுக்காக எழுதிய ‘நிறைவின் வழி’ நூலின் முதல் வடிவத்தில், உலகின் நீதிபதிகள் எல்லாரும் ஆண்களாக இருப்பதையும், பெண்ணின் நற்பண்பு எதையும் அவர்கள் சந்தேகத்தோடு பார்ப்பதையும் சொல்லிக் கடவுளிடம் முறையிட்டார். தணிக்கையாளர் அதை விட்டுவைக்கவில்லை. இரண்டாம் வடிவத்தில் அந்தப் பகுதி இல்லை.

அதே நூலில் ஒரு கதை சொல்கிறார். வயதான கன்னியர் ஒருவர் அவரிடம் வந்து அழுகிறார். தமக்கு மனச் செபம் வரவே இல்லை, மந்திரத்தைச் சொல்லத்தான் தெரிகிறது என்று. எப்படிச் சொல்கிறீர்கள் என்று தெரேசா விசாரிக்கிறார். பரலோக மந்திரத்தை மெதுவாகச் சொல்லிக்கொண்டே அந்த மூதாட்டி ஆழ்நிலைச் செபத்தில் இருந்திருக்கிறார், அது அவருக்கே தெரியவில்லை. தெரேசா அவரைத் திருத்தவில்லை, அவர்மேல் பொறாமைப்பட்டார். 1970இல் திருச்சபை தெரேசாவுக்கு ‘மறைவல்லுநர்’ பட்டம் கொடுத்தது. அந்தப் பட்டம் பெற்ற முதல் பெண் அவர். பட்டம் கிடைத்தது, கரும்பலகையிலிருந்து ஏணி மட்டும் அழியவில்லை.

தமிழில் இந்தக் கதைக்கு இன்னொரு பக்கம் உண்டு. இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் முதலில் அச்சான நூல், 1578இல் கொல்லத்தில் அண்டிரிக்கே அடிகளார் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’. தமிழ் அச்சின் முதல் பக்கங்களே செபமும் மறைக்கல்வியும்தான். ஆனால் எங்கள் பெண்களுக்குச் செபம் அச்சிலிருந்து வரவில்லை, காதால் வந்தது. ‘சர்வேசுரன்’, ‘அர்ச்சியசிஷ்ட’ என்ற பழைய சொற்களை அம்மா தன் நாவுக்கு ஏற்றபடி வளைத்து வைத்திருந்தாள். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு ‘புனித’, ‘அருள்’, ‘இறைவன்’ என்று நல்ல தமிழ் வந்தது. தமிழ் படித்தவளாக எனக்கு அதில் மகிழ்ச்சிதான். அம்மாவோ கோயிலில் புதியதைச் சொல்வாள், வீட்டில் பழையதைச் சொல்வாள். "புதுசு சாமியாருக்கு, பழசு எனக்கு" என்பாள். உச்சரிப்புப் பிழை என்று நான் சிவப்பு மை போட்டிருக்கக்கூடிய அந்தச் சொற்களில்தான் என் பாட்டியும் அவளுடைய அம்மாவும் இருக்கிறார்கள்.

3

இதுவரை சொன்னதை வைத்து நான் அம்மாவின் செபத்தைப் போற்றி நிறுத்திவிட்டால் அது பாதி உண்மை. செபம் பெண்களை அடக்கவும் பயன்பட்டிருக்கிறது. அதற்கு என் சித்தி சாட்சி.

சித்தப்பா குடித்துவிட்டு அடிப்பார். சித்தி ஒவ்வொரு முறை கோயிலில் போய் அழுதபோதும் அவருக்குச் சொல்லப்பட்டது ஒன்றே: புனித மோனிக்காவிடம் செபி, பொறுமையாக இரு. மோனிக்கா தம் செபத்தாலும் கண்ணீராலும் கணவரையும் மகன் அகுஸ்தீனையும் திருப்பியவர் என்று ஞாயிறு மறையுரைகளில் நாங்கள் கேட்டிருக்கிறோம். முனைவர் பட்ட ஆய்வுக் காலத்தில் அகுஸ்தீன் தம் வாழ்க்கையை எழுதிய நூலின் ஒன்பதாம் புத்தகத்தை வாசித்தேன். அந்த ஊரில் மற்ற பெண்கள் முகத்தில் அடிபட்ட தழும்போடு வந்து தங்கள் கணவர்களைப் பற்றிக் குறை சொன்னபோது, மோனிக்கா அந்தப் பெண்களின் நாவைத்தான் குறை சொன்னார் என்று மகன் பெருமையோடு எழுதுகிறார். திருமண ஒப்பந்தம் வாசிக்கப்பட்ட நாளிலிருந்தே தாங்கள் அடிமைகள் என்று நினைத்துக்கொள்ளும்படி அறிவுரை சொன்னாராம். புத்தகத்தை மூடிவிட்டுச் சித்தியை நினைத்துக்கொண்டேன். அவருக்குக் கொடுக்கப்பட்டது செபம் என்று நினைத்திருந்தேன். வாயை மூடு என்ற கட்டளை பதினாறு நூற்றாண்டுகளைக் கடந்து புனிதையின் பெயரில் வந்து சேர்ந்திருக்கிறது.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் இறந்தார்கள். இறந்தவர்களில் பெண்களும் இருந்தார்கள். அந்த வாரம் எல்லாக் கோயில்களிலும் எல்லாச் சாமிகளுக்கும் முன்னால் பெண்கள் நின்றார்கள். அவர்களிடம் போய்ப் பொறுமைக்காகச் செபியுங்கள் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

இன்று பங்குகளில் அன்பியக் கூட்டங்கள் நடக்கின்றன. வீடு வீடாகக் கூடி, மறைநூல் வாசித்து, பிறகு ஒவ்வொருவரும் சொந்த வார்த்தையில் மன்றாடலாம். பெண்கள்தான் நிறைந்திருப்பார்கள். பிள்ளை படிப்பு, முழங்கால் வலி, குழுக் கடன் என்று மன்றாட்டுகள் வரும். ஒருமுறை நான் போயிருந்த கூட்டத்தில் ஒரு பெண், "ஆண்டவரே, நேத்து ராத்திரி என் புருசன் என்னை அடிச்சது உமக்குத் தெரியும்" என்று ஆரம்பித்தார். கூட்டத்தை நடத்தியவர் இடைமறித்து, "பொதுவா செபிங்கம்மா" என்றார். அந்தப் பெண் உடனே உலக சமாதானத்துக்காக மன்றாடி முடித்தார்.

4

‘பொதுவாகச் செபி’ என்பது பெரிய இடத்திலும் நடந்திருக்கிறது. செபமாலைக்கு ‘ஏழைகளின் திருப்பாடல் நூல்’ என்று ஒரு பெயர் உண்டு. மடத்தில் படித்தவர்கள் 150 திருப்பாடல்களையும் செபித்தார்கள்; படிக்கத் தெரியாதவர்கள் அதற்கு ஈடாக 150 அருள்நிறை மந்திரம் சொன்னார்கள். 2002இல் ஒளியின் மறைபொருள்கள் சேரும்வரை மூன்று வகை மறைபொருளுக்கும் அதுதான் மொத்தக் கணக்கு. இப்போது படித்தவர்களின் பக்கத்தைப் பாருங்கள். குருக்களும் கன்னியரும் நாள்தோறும் சொல்லும் திருப்புகழ்மாலை 1971இல் புதுப்பிக்கப்பட்டபோது 58, 83, 109 ஆகிய மூன்று திருப்பாடல்கள் முழுதாக நீக்கப்பட்டன. இன்னும் சிலவற்றில் சில வரிகள் நீக்கப்பட்டன. அவை சாபமிடும் பாடல்கள், இன்றைய மனத்துக்கு இடறலாக இருக்கும் என்பது காரணம். விவிலியத்தில் அவை இருக்கின்றன, செபத்தில் இல்லை.

அந்த முடிவின் நல்லெண்ணம் எனக்குப் புரிகிறது. ஆனால் வெறுப்பைச் செபிக்கக் கூடாது என்று சொல்ல முடிகிறவர் பெரும்பாலும் அடிபடாதவர். எங்கள் ஊரில் நீதி கிடைக்காத பெண், அநியாயம் செய்தவன் வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றுவாள். அது செபப் புத்தகத்தில் இல்லை. என் கண்ணுக்கு அது 109ஆம் திருப்பாடலின் பக்கத்து வீடு.

பாமாவின் ‘கருக்கு’ வந்த ஆண்டும் 1992தான், மறைக்கல்வி நூல் வந்த அதே ஆண்டு. ஏழைப் பிள்ளைகளுக்குச் சேவை செய்யலாம் என்று நம்பிக் கன்னியர் மடத்தில் சேர்ந்து, அங்கே பணக்காரப் பிள்ளைகளுக்கான பள்ளியையும் சாதியையும் கண்டு வெளியே வந்த ஒரு தலித் பெண்ணின் நூல் அது. தன்வரலாறு என்று அதைப் பாடம் நடத்துகிறோம். மணியடித்தால் செபம், மணியடித்தால் மௌனம் என்ற ஒழுங்குக்கும் மதிலுக்கு வெளியே இருக்கும் பசிக்கும் இடையில் நின்று, நான் யாரிடம் பேசிக்கொண்டிருக்கிறேன் என்று அது கேட்கிறது. அதனால் அதைச் செபத்தைப் பற்றிய விமர்சனமாகவும் வாசிக்கலாம். என் வாசிப்பில் அந்த நூலே ஒரு முறையீட்டுச் செபம்தான்.

இதை வகுப்பில் சொன்னபோது, கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு மேலே உள்ள சிற்றூரிலிருந்து வரும் மலையாளிப் பழங்குடி மாணவி ஒருத்தி எழுந்தாள். "எங்க ஆயா அம்மன் முன்னாடி நின்னு திட்டும் மேடம். கண்ணு இருக்கா உனக்குன்னு கேக்கும். அதுவும் இதுல சேருமா?" என்றாள். சேரும் என்றேன். பிறகு அவர்களிடம் சுந்தரரைப் பற்றிக் கேட்டேன். அவர் பிறந்த திருநாவலூர் எங்கள் மாவட்டத்தில்தான், உளுந்தூர்பேட்டைப் பக்கம் இருக்கிறது. இறைவனோடு வழக்காடியவர், திட்டிப் பாடியவர். அதற்காகவே வன்தொண்டர் என்று பெயர் பெற்றவர். ஓர் ஆண் கடவுளிடம் சண்டை போட்டால் அது தேவாரம் ஆகிறது, நம் ஆயா போட்டால் "கிழவிக்கு வாய் ஜாஸ்தி" என்கிறோம். வகுப்பு சிரித்தது. அந்தப் பெண் சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டிருந்தாள்.

விவிலியத்திலும் ஒரு அன்னா இருக்கிறாள். பிள்ளை இல்லாதவள் என்று சக்களத்தி குத்திக் காட்ட, சீலோ ஆலயத்தில் நின்று அழுது மன்றாடுகிறாள். உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. வாசலில் உட்கார்ந்திருக்கும் குரு ஏலி அவள் குடித்திருக்கிறாள் என்று முடிவு செய்து கண்டிக்கிறார். அவள் தலைகுனிந்து போகவில்லை. நான் குடிக்கவில்லை, என் மனத்தைக் கொட்டிக்கொண்டிருந்தேன், என்னை இழிவாக எண்ண வேண்டாம் என்று அவருக்கே விளக்குகிறாள். பெண்ணின் தனிச் செபத்தைக் குரு தவறாகப் படித்ததும், அவள் திருத்தியதும், அவர் ஏற்றுக்கொண்டதும் சாமுவேல் முதல் நூலின் முதல் அதிகாரத்திலேயே இருக்கின்றன. விடுதிக் கரும்பலகைக்கு முன்னால் எனக்கு அன்னாவின் துணிச்சல் இல்லாமல் போனது.

5

‘தனிச் செபம்’ என்ற சொல்லிலேயே எனக்கு ஒரு தயக்கம் உண்டு. எங்கள் மாவட்டத்து எறையூரில் பங்குக் கோயிலே செபமாலை மாதா கோயில். அங்கே வன்னியக் கத்தோலிக்கர்களும் தலித் கத்தோலிக்கர்களும் ஒரே மாதாவை ஒரே சொற்களால் வேண்டினார்கள். ஆனால் கோயிலிலும் கல்லறையிலும் இறுதி ஊர்வலப் பாதையிலும் சாதி இருந்தது. தலித் மக்கள் தங்கள் சகாய மாதா கோயிலைத் தனிப் பங்காக்கக் கேட்டார்கள். 2008 மார்ச் 9 அன்று தலித் வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் வன்னியர் இருவர் இறந்தார்கள்.

53 மணியும் இரு பக்கத்துக்கும் ஒன்றுதான். ஆனாலும் எந்த வாசல் வழியாக உள்ளே வந்தோம் என்பதைச் செபம் மறக்கச் சொல்கிறதா, நினைக்கச் சொல்கிறதா என்பதில் எல்லாம் இருக்கிறது. மறக்கச் சொல்லும் செபத்தை நான் சந்தேகிக்கிறேன். வலியோரை அரியணையிலிருந்து இறக்கும் கடவுளைப் பாடிய மரியாவின் பாடலை நாள்தோறும் மாலையில் சொல்லிவிட்டு, அம்மாவைக் கடைசி வரிசைக்கு அனுப்பியவர்களை எனக்குத் தெரியும்.

இதை வாசிக்கும் மாணவிகளுக்கு ஒரு வேண்டுகோள். தாலாட்டுக்கும் ஒப்பாரிக்கும் பாடத்திட்டத்தில் இடம் கொடுத்திருக்கிறோம். உங்கள் அம்மாவும் ஆயாவும் தனியாக இருக்கும்போது எந்தச் சாமியிடம் என்ன பேசுகிறார்கள் என்று கேளுங்கள். சொன்னால், அவர்கள் சம்மதத்தோடு எழுதி வையுங்கள். சொல்லாவிட்டால் விட்டுவிடுங்கள், சொல்லாமல் இருப்பது அவர்கள் உரிமை.

நான் போன மாதம் மறுபடி கேட்டேன். அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. காட்டுக்குப் போவதில்லை. திண்ணையில் உட்கார்ந்திருந்தாள், கட்டைவிரல் நகர்ந்துகொண்டிருந்தது. மணிமாலை இப்போது மடியிலேயே இருக்கிறது, ஆனாலும் விரலில்தான் எண்ணுகிறாள்.

"அந்த ரெண்டு கணுவுல என்னம்மா சொல்லுவ?"

இந்தமுறை சொன்னாள். "மொத கணுவுல சண்ட போடுவேன். உங்கப்பன் குடிச்சது, உன் சித்தி செத்தது, கூலி கொடுக்காம ஏமாத்துனவன், எல்லாத்தையும் ஏன்னு கேப்பேன். ரெண்டாவது கணுவுல பேசாம இருப்பேன்."

"ஏன்?"

"கேட்டுட்டு நானே பேசிக்கிட்டு இருந்தா எப்படி? அவ பதில் சொல்ல வேணாமா?"

"சொல்லுவாளா?"

"சில நாள்" என்றாள்.